கிரீன்லாந்தில் உருகுவதும் வட்டுவாகலில் ஏறுவதும்

2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது. அதன் பெயரில் எங்கள் பக்கத்திலும் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்போரம் இருக்கிற வட்டுவாகலுக்குக் கிட்ட ஒரு பொதுநோக்கு மண்டபம், பிளாஸ்ரிக் கதிரைகள், சுவரில் கட்டிய வெள்ளைத் துணி, அந்தத் துணியில் ஒரு துருவக் கரடி. மின்விசிறி ஒழுங்காகச் சுழலாத மண்டபத்தில் வியர்த்துக்கொண்டே நாங்கள் எல்லோரும் அந்தக் கரடிக்காக இரக்கப்பட்டோம். பேச வந்த இளைஞர் நல்லவர், தயார்ப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தார். பனி உருகுகிறது, கடல் மட்டம் உயர்கிறது, ஆகவே மரம் நடுவோம் என்று முடித்தார். கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டபோது, களப்பில் வலை வீசுகிற ஒரு பெரியவர் எழும்பினார். "தம்பி, அங்க உருகிற தண்ணி இஞ்ச வந்து சேர எவ்வளவு நாள் எடுக்கும்?"

மண்டபம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்து, "கெதியா வந்திடும் ஐயா, அதுதான் கவனமா இருக்கச் சொல்லுறம்" என்று சமாளித்தார். பிறகு பிளேன்ரீயும் ரோல்ஸும் வந்தன, கூட்டம் கலைந்தது.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. தண்ணீரோடு வாழ்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இரணைமடுக் குளத்தில் கதவு திறந்தால் முரசுமோட்டை வயலுக்கு எப்போது தண்ணீர் வந்துசேரும், மேலே மழை கொட்டினால் கனகராயன் ஆறு எப்போது பெருகும், முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் களப்பு எத்தனை நாளில் வடியும் என்ற கணக்குகள் தெரியாமல் இங்கே வயலும் செய்ய முடியாது, தொழிலுக்கும் போக முடியாது. அந்த மனிதர் தனக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டுபோய்க் கிரீன்லாந்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கரடியைக் காட்டியவர்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

கரடி நின்ற பனி

முதலில் அந்தக் கரடியை முடித்துவிடலாம். கரடி நின்றது கடலில் மிதக்கிற பனியில். மிதக்கிற பனி தன் நிறைக்குச் சமமான நீரை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறது. அது உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்தப் பனி போனால் வேறு கேடு உண்டு. வெள்ளைப் பரப்பு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும், பனி போன இடத்துக் கரிய கடல்நீர் அதை உள்ளே வாங்கிச் சூடாகும், சூடு இன்னும் பனியை உருக்கும். ஆனால் வட்டுவாகல் மண்டபத்தில் கடல் மட்டத்தைப் பற்றிக் கதைக்க வந்தால் காட்ட வேண்டிய படம் தரையில் கிடக்கிற பனி. மலைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலாகக் கிரீன்லாந்து, அந்தாட்டிக்கா என்ற இரண்டு பெரும் பனிப்பரப்புகள். உலகத்தின் நன்னீரில் கிட்டத்தட்ட 70 வீதம் இப்படித் தரைமேல் உறைந்து கிடக்கிறது. அது உருகிக் கடலுக்குள் போனால், முன்பு கடலில் இல்லாத தண்ணீர் கடலில் சேர்கிறது.

எவ்வளவு சேர்கிறது? 2000 முதல் 2023 வரை மலைப் பனியாறுகள் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி தொன் பனியை இழந்திருக்கின்றன என்பது உலகளாவிய ஒரு கூட்டாய்வின் கணக்கு. இந்த எண்ணை வாசித்துவிட்டு யாரும் ஒன்றையும் உணரப்போவதில்லை, நானும் உணரவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த அளவுக்கு மாற்றினேன். நிரம்பிய இரணைமடு ஏறத்தாழ 15 கோடி கன மீற்றர் பிடிக்கும். அப்படியென்றால் ஆண்டுக்கு 1,800 இரணைமடு. வான் பாய நிற்கிற 1,800 இரணைமடுக்கள் ஒவ்வொரு வருடமும் கடலுக்குள் போகின்றன. கிரீன்லாந்தும் அந்தாட்டிக்காவும் இந்தக் கணக்கில் இல்லை, அவை தனி. இவ்வளவும் போய்க் கடல் ஏறுவது என்னவோ மில்லிமீற்றர் கணக்கில்தான். உலகக் கடல் ஒரு மில்லிமீற்றர் உயர 2,400 இரணைமடுத் தண்ணீர் வேண்டும். கடல் எவ்வளவு பெரியது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இந்தப் பெருக்கல் கணக்கில்தான் விளங்கிக்கொண்டேன்.

இன்னொரு சில்லறை விடயம். எங்கள் பத்திரிகைகளில் பனியாறு என்றாலே இமயமலைதான். இந்தியக் கட்டுரைகளை அப்படியே எடுத்துப் போடுவதால் வருகிற வினை. இமயப் பனி குறைந்தால் சிந்து நதிக்காரர்களுக்குப் பெரிய அடி, கங்கைக்கு அந்தளவு இல்லை, கங்கையில் மழைதான் பெரும்பங்கு. எங்கள் கனகராயன் ஆற்றிலும் பாலியாற்றிலும் பேராற்றிலும் ஒரு துளி பனிநீர் கிடையாது, எல்லாம் வானத்தை நம்பிய ஆறுகள். 2035க்குள் இமயப் பனியாறுகள் இல்லாமல் போய்விடும் என்று ஒரு காலம் மேடைக்கு மேடை சொன்னார்கள். 2007இல் காலநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழுவின் அறிக்கையில் தவறாக நுழைந்த வரி அது. 2010இல் அந்தக் குழுவே அதைப் பிழை என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த ஆண்டு இன்னும் பேச்சுப்போட்டிகளில் உயிரோடு உலாவுகிறது. இமயப் பனி வேகமாகக் கரைகிறது என்பது உண்மை. அதற்காக ஒரு பொய்யான நாளைக் குறித்துக் கொடுத்தால், அந்த நாள் வந்துபோன பிறகு உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

தண்ணீர் வர வேண்டியதில்லை

பெரியவரின் கேள்விக்கு எனக்கு இருந்த முதல் விடை, கடல் எல்லாம் ஒன்று, ஒரு பக்கம் ஊற்றினால் எல்லாப் பக்கமும் சமமாக ஏறும் என்பதுதான். பள்ளிக்கூடத்து விடை. தேடி வாசித்தபோதுதான் அது அப்படி நடப்பதில்லை என்று தெரியவந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே அந்த ஒரு விடயத்துக்காக.

நிறை உள்ள எதுவும் மற்றதைத் தன்பக்கம் இழுக்கும். நிலவு கடலை இழுப்பதால் வற்றும் பெருக்கும் வருவது தொழிலுக்குப் போகிற எவருக்கும் தெரியும். கிரீன்லாந்தின் பனிப்பரப்பு சில இடங்களில் 3 கிலோமீற்றருக்கு மேல் தடிப்பானது. அவ்வளவு நிறையும் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதால் அது தன்னைச் சுற்றியுள்ள கடலை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. கிரீன்லாந்துக் கரையில் கடல் மட்டம் உயர்ந்து நிற்பதில் அந்த இழுவைக்கும் பங்கு உண்டு. பனி உருகி நிறை குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. உருகிய நீர் அந்தக் கரையில்தான் விழுகிறது, ஆனாலும் அங்கே கடல் இறங்குகிறது. பாரம் குறைந்த தரையும் மெல்ல மேலெழும்புகிறது. கிரீன்லாந்திலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் சுற்றளவுக்குள் கடல் தாழும். பிடி விட்ட தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? தூரத்துக்குப் போகிறது. வெப்பவலயக் கடல்களில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறுகிறது. கிரீன்லாந்திலிருந்து வன்னி சுமார் 10,000 கிலோமீற்றர். அந்தாட்டிக்காவும் எங்களுக்கு எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளித்தான் கிடக்கிறது. வடக்கே உருகினாலும் தெற்கே உருகினாலும் சராசரிக்கு மேலே வாங்குகிற இடத்தில் நாங்கள் இருக்கிறோம்.

இது புதுக் கதையும் இல்லை. ரொபேர்ட் வூட்வர்ட் என்ற அமெரிக்கர் 1888இலேயே இதைக் கணித்துக் காட்டியிருக்கிறார். 2002இல் கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகளை அனுப்பினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீற்றர் இடைவெளியில் பறந்துகொண்டு, கீழே நிறை கூடிய இடத்தில் அந்த இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று அவை அளந்தன. பூமியின் எந்த மூலையில் நிறை கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. கிரீன்லாந்து மெலிந்துகொண்டிருப்பதை நிறுத்துப் பார்த்ததே அந்தச் செய்மதிகள்தான்.

ஐஸ்லாந்தில் ஓக் என்றொரு பனியாறு இருந்தது. அது இனிப் பனியாறு இல்லை என்று 2014இல் அறிவித்தார்கள், 2019இல் அந்த இடத்தில் ஒரு நினைவுத் தகடு பதித்தார்கள். இறந்துபோன ஒன்றுக்குப் பகிரங்கமாக நினைவுக்கல் வைக்க முடிகிற நாடு என்று அப்போது ஒரு பொறாமையோடு வாசித்தேன், ஏன் என்று இங்கே வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஐஸ்லாந்து கிரீன்லாந்தின் பக்கத்து வீடு. கிரீன்லாந்து இழக்கிற பனியால் அங்கே கடல் இறங்கும். துக்கம் அவர்களுக்கு, தண்ணீர் எங்களுக்கு.

ஒரு பின்னேரம் அந்தப் பெரியவரைப் பாலத்தடியில் கண்டபோது இதைச் சொன்னேன். "உருகின தண்ணியே இஞ்ச வந்து சேர நூற்றாண்டுக் கணக்கில எடுக்கலாம் ஐயா. ஆனா மட்டம் மாறுறதுக்கு அந்தத் தண்ணி வரத் தேவையில்லை. சில நாளுக்குள்ளயே உலகத்துக் கடல் முழுக்கத் தன்னைச் சரிப்படுத்தத் தொடங்கிடும்" என்று, இழுவைக் கதையையும் என்னால் முடிந்தளவுக்கு விளக்கினேன். வலையை உதறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப பக்கத்தில இருக்கிறவைக்கு இறங்குது, எங்களுக்கு ஏறுது?"

"ஓம்."

"கார் ஓடினது அவை, தோணி வலிச்சது நாங்கள். நல்ல ஞாயம்."

கிரீன்லாந்தில் இருப்பவர்களும் பெரும்பாலும் மீன்பிடிகாரரும் வேட்டைக்காரருமாக வாழ்ந்த சனம்தான், உலகத்தைச் சூடாக்கியவர்கள் வேறு ஆட்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார். "எவ்வளவு ஏறுது?"

"இப்ப வருசத்துக்கு நாலு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல. அதில ஒரு பங்கு கடல் சூடாகி உப்புறதால வாறது, மிச்சத்தில கனக்க பனி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு சோளகக் காத்துக்குக் களப்பு ஒரு முழம் அங்கால இங்கால போகும் தம்பி. நாலு மில்லிமீற்றரை ஆர் கண்டது?"

ஒரு முழமும் நாலு மில்லிமீற்றரும்

நந்திக்கடல் என்றதும் வாசிக்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதும் கட்டுரை இது இல்லை. இறாலுக்கும் மீனுக்கும் வலை போடுகிற, மாரியில் நிரம்பி முகத்துவாரம் வெட்டக் காத்திருக்கிற களப்பைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய சிரிப்பில் நியாயம் இருந்தது. காற்றில் ஏறுகிற ஒரு முழம் கண்ணுக்குத் தெரியும், நாலு மில்லிமீற்றர் தெரியாது. ஆனால் காற்று விழுந்தால் அந்த முழம் திரும்பிப் போய்விடும். மில்லிமீற்றர் திரும்பிப் போகாது. 1901இலிருந்து 2018 வரை உலகக் கடல் சராசரியாக 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. ஏறக்குறைய அரை முழம். இன்றைக்கு வருகிற ஒவ்வொரு பெருக்கும், ஒவ்வொரு காற்றும், ஒவ்வொரு புயலும் அந்த அரை முழத்துக்கு மேலே நின்றுகொண்டுதான் தொடங்குகின்றன. 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோதும் அப்படித்தான்.

இன்னும் முக்கியமானது வெள்ளம் வடிகிற விதம். களப்பு தானாக வடிவதில்லை. களப்பின் மட்டம் கடலைவிட உயர்ந்து நின்றால்தான், மணல் திட்டை வெட்டிய இடத்தால் தண்ணீர் வெளியே ஓடும். அந்த உயர வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிற ஒரே விசை. வெளியே கடல் ஏறினால் வித்தியாசம் குறைகிறது, ஓட்டம் மந்தமாகிறது. அதே மழை, அதே முகத்துவாரம், ஆனால் தண்ணீர் வயலில் இன்னும் கொஞ்சம் கூட நேரம் நிற்கும். காலபோக நெல் இளம்பயிராக மூழ்கிக் கிடக்கும்போது அந்தக் கொஞ்ச நேரத்தின் விலை என்ன என்று கமக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சிப் பக்கம் வெள்ளம் எப்படி வந்தது என்பதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்தத் தண்ணீர் போய்ச்சேருமிடம் சுண்டிக்குளம். சுண்டிக்குளத்துக்கு வெளியே நிற்பது கடல். கதவு எப்போது திறந்தார்கள், ஏன் முதலே திறக்கவில்லை என்று அப்போது நிறையக் கதைத்தோம். வெளிவாசல் எவ்வளவு தாராளமாக இருந்தது என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

கிணறுகளின் கதை வேறு. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு, அதனால். கடல் மட்டத்துக்கு மேலே நிலத்தடி நீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. கடல் ஏறும்போது நிலத்தடி நீரும் சேர்ந்து உயர இடமிருந்தால் பாதகமில்லை. எங்கள் கரையோரம் தட்டையான தரை. உயர்கிற நீர் மேற்பரப்புக்கு வந்து ஓடிப்போய்விடும், அல்லது வெயிலில் ஆவியாகிவிடும். அப்போது மேலே குறைகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் கீழே நாற்பது அங்குலம் கரைகிறது. கிணற்றில் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கும், ஒரு மாற்றமும் தெரியாது. பங்குனி, சித்திரையில் இறைக்கும்போதுதான் நாக்குக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொன்ன கையோடு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதில்தான் அதிகக் கோபம். கண்டாவளைப் பக்கம் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். உடைந்த உவர்நீர்த் தடுப்புக் கட்டைத் திருத்தித் தரச் சொல்லி அவரும் அயலட்டைக் கமக்காரரும் மனுக்கொடுத்தார்கள். மாரி வெள்ளம் அறுத்த உடைவு, அதனூடாகக் கோடையில் உவர்த்தண்ணீர் வயலுக்குள் வருகிறது. அதிகாரி மனுவை வாங்கி வைத்துவிட்டு, "இது உலகளாவிய பிரச்சினை, காலநிலை மாற்றம், கடல் உயருது" என்றாராம். மாமா வீட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டார்: "ஏன்ரா மோனை, கடல் உயருதெண்டா கட்டை எல்லோ முதல் கட்ட வேணும்?" அதற்கு மேல் நான் என்ன எழுத? முகத்துவாரத்து மணலை லொறியில் அள்ளிக் கொண்டுபோனது பனியாறு இல்லை. கண்டலை வெட்டியதும் பனியாறு இல்லை. வருடத்துக்கு நாலு மில்லிமீற்றர் என்பது எங்கள் அலட்சியத்துக்கு எல்லாம் சேர்த்து எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதம் ஆகிவிடக்கூடாது.

முந்தியும் நடந்தது

இந்தக் கரையே பனி வரைந்த கரைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனி குவிந்து கிடந்த காலத்தில் கடல் இன்றைவிடக் கிட்டத்தட்ட 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குநீரிணைப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, அப்போது அது வெறும் தரை. இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடந்து போய் வந்திருக்கலாம். பிறகு அந்தப் பனி கரைந்து எங்களைத் தீவாக்கியது. அதற்குப் பிறகும் கடல் ஓரிடத்தில் நிற்கவில்லை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கரையில் இன்றைய மட்டத்தைவிட ஓரிரு மீற்றர் மேலே ஏறி, பின்னர் இறங்கியது. தென்கரையில் அகுரலைப் பக்கம் கடலை விட்டுத் தள்ளித் தரைக்குள்ளே பவளப் படிவுகள் கிடைப்பது அதனால்தான். பிறகு கடல் இறங்கியதற்கும் காரணம் பனிதான். பாரம் குறைந்த துருவப் பக்கத்துத் தரையும் கடலடியும் உருமாறியபோது, இங்கிருந்த தண்ணீர் அங்கே போய் அந்த இடத்தை நிரப்பியது.

ஆகவே கடல் ஏறுவதும் இறங்குவதும் புதிதில்லை என்று ஒருவர் வாதாடலாம், வாதாடுகிறார்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்கு உறுதிக்காணி இருக்கவில்லை, கிணறு கட்டியிருக்கவில்லை. கடல் ஏறினால் பின்னுக்குப் போனார்கள். நாங்கள் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக இடம்பெயர்ந்துவிட்டோம்.

பலகையில் ஒரு வரி

வட்டுவாகலில் புதுப் பாலத்துக்கான வேலை 2025இல் தொடங்கியது. பழைய பாலத்தால் மாரி காலத்தில் போனவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பாலத்துக்கு மேலால் போகிற நாட்களும் உண்டு. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இப்படி ஒரு பாலத்துக்காக எவ்வளவு காலம் காத்திருந்தோம். சந்தோசம்தான். அது இந்த நூற்றாண்டு முடியும்வரையாவது நிற்க வேண்டிய பாலம். 2100இல் உலகக் கடல் சராசரியாக எவ்வளவு ஏறியிருக்கும் என்பதற்குக் காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை தருகிற வீச்சு பெரியது. உலகம் புகையைக் கடுமையாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்ரிமீற்றர், கண்மண் தெரியாமல் எரித்துக்கொண்டே போனால் 63 சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரை. இது உலகச் சராசரி. பனியிலிருந்து வருகிற பங்கில் எங்கள் பக்கம் சராசரிக்கு மேலே வாங்கும் என்பதை மேலே சொன்னேன்.

பாலம் வரைந்த பொறியியலாளர்கள் இதைக் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், அவர்கள் தொழில் அது. எங்கள் ஊர்களில் எந்தக் கட்டுமானத்துக்கும் முன்னால் ஒரு பெரிய பலகை நிற்கும். செலவு இவ்வளவு, ஒப்பந்தகாரர் இன்னார், முடிகிற திகதி இது. அதில் இன்னும் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்: கடல் எவ்வளவு ஏறும் என்று வைத்து இந்தப் பாலத்தின் உயரத்தைத் தீர்மானித்தீர்கள்? சென்ரிமீற்றரில் எழுதினால் போதும், முழத்துக்கு நாங்களே மாற்றிக்கொள்வோம்.